மோன்ஸ் ஹெல்லாண்ட் பார்த்த முதல் படம்

பதினான்கு வருடமாக நான் கடவுளிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மோன்ஸ் ஹெல்லாண்டுக்குச் சாவு வரவேண்டும் என்றல்ல. அவ்வளவு கெட்டவள் அல்ல நான். அவருக்கு ஒரு தேவை வரவேண்டும். அந்தத் தேவை என் வாசலில் வந்து நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். எல்லோரோடும் சேர்ந்து ஜெபம் சொல்வேன். மன்னிப்பைப் பற்றிய அந்த ஒரு வரி வரும்போது மட்டும் என் உதடு அசையாது. பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்திருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

1995 மார்ச்சில், மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வந்தார். எங்கள் தீவான ஸ்கார்வோயில் திரையரங்கு ஒன்றுதான், நகராட்சியுடையது. நான் அதன் மேலாளர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வாசற்படியைத் தாண்டாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபத்தாறு வயது. தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"உள்ள வாங்க. மழை."

"இல்ல, இங்கயே நிக்கிறேன்."

"உள்ள பிசாசு ஒண்ணும் இல்ல, மோன்ஸ். பாப்கார்ன் மெஷின்தான் இருக்கு. அதுவும் ரிப்பேர்."

அவர் சிரிக்கவில்லை. அவர் ஜெபவீட்டில் கூடும் கடும் பக்திக்காரர்களில் ஒருவர்; அவர்கள் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை. ஆனாலும் இந்த ஆள் பன்னிரண்டு வருடம் எங்கள் திரையரங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர். வாரியத்தில் ஐந்து இடம். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பங்கு. அவருடைய கட்சிக்கு ஒன்று. கூட்டம் நகராட்சிக் கட்டிடத்தில் நடக்கும். பன்னிரண்டு வருடம் எந்தப் படம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று கை தூக்கினார். ஒரு படமும் பார்த்ததில்லை. எங்கள் கரையோரத்தில் இது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

அந்தக் கைதான் 1981-ல் என் கணவர் எய்விண்டின் வாழ்க்கையை முடித்தது.

அப்போது மேலாளர் எய்விண்ட். ஒரு டேனிஷ் படத்தை வரவழைத்தார். இறந்தவர்களின் வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போகும் போதகர் ஒருவர் விதவைகளிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பது கதை. படம் படகில் வந்து சேர்வதற்கு முன்பே ஊர் கொதித்தது. மோன்ஸ் செய்தித்தாளில் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வாரியம் மூன்றுக்கு இரண்டு என்று தடுத்தது. எய்விண்ட் அதைப் பொருட்படுத்தாமல் ஒரே ஒரு காட்சி ஓட்டினார். பத்தொன்பது பேர் பார்த்தார்கள். மறுவாரம் வேலை போயிற்று. மீன் ஆலையில் பனிக்கட்டி அள்ளும் வேலைக்குப் போனார். கடையில் நின்றால் பெண்கள் வரிசையை விட்டு விலகிப் போனார்கள். மூன்றாவது குளிர்காலத்தில், மண்வெட்டியைக் கையில் பிடித்தபடியே, நெஞ்சு நின்றுபோனது. அவர் விட்ட மேலாளர் வேலைக்கு அதுவரை யாரும் மனுப் போட்டிருக்கவில்லை. நான் போட்டேன்.

இப்போது மோன்ஸ் என் வாசலில்.

"ஒரு படம் இருக்கு," என்றார்.

"இங்க நிறையப் படம் இருக்கு."

"பெர்கன்ல டூரிட்னு ஒரு பொண்ணு எடுத்திருக்கு. சிக்னேயைப் பத்தி. என் தங்கச்சி. அவளோட இன்னும் ரெண்டு பொண்ணுங்க. நாப்பத்தஞ்சாம் வருஷம் மே மாசம் நம்ம படகுத்துறையில என்ன நடந்துச்சுன்னு. மே எட்டாம் தேதிக்கு முந்தி அதை இங்க போடணும்."

படகுத்துறையில் நடந்தது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஐந்து வருடம் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள் சரணடைந்த மறுநாள், அவர்களுடைய சிப்பாய்களோடு பழகினார்கள் என்று மூன்று பெண்களை இழுத்து வந்து தலையை மழித்தார்கள். சிக்னேக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கோடையிலேயே ஸ்வீடனுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

நான் கவுண்டரை விட்டு எழுந்து கதவருகே போனேன். பதினான்கு வருடமாக எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. கடைசியில் அவை ஒன்றும் தேவைப்படவில்லை. அவருடையதே போதுமாக இருந்தது.

"மோன்ஸ், 'சாக்கடையில இறங்கிப் பாத்துத்தான் அது சாக்கடைன்னு தெரியணுமா?' இது யார் சொன்னது?"

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நான்தான்."

"எங்க சொன்னீங்க?"

"பேப்பர்ல எழுதினேன்."

"நானும் இறங்கப்போறதில்ல. போயிட்டு வாங்க."

அந்த முகம் உடையும் என்று பார்த்தேன். உடையவில்லை. "புரியுது," என்று சொல்லி, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் நடந்தார். கதவைச் சாத்தினேன். அன்று வீட்டில் வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். உருக்கிய வெண்ணெயைத் தட்டிலிருந்து ரொட்டியால் வழித்துத் தின்றேன். பழி வாங்குவது பசியைத் தூண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை நகராட்சித் தலைவர் ஆர்விட் லோன் இலவங்கப்பட்டை பன் ஒரு பையில் வாங்கிக்கொண்டு வந்தார். வாரியத்தின் தலைவரும் அவர்தான்.

"போர்கில்ட், உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு. கிழவனைத் திருப்பி அனுப்பிட்டியாமே!"

"யார் சொன்னது?"

"நம்ம ஊர்ல மழை பேஞ்சா யாராவது சொல்லணுமா? பன் எடுத்துக்கோ, சூடா இருக்கு." அவரே ஒன்றை எடுத்துக் கடித்தார். "மே எட்டு, போர் முடிஞ்சு ஐம்பதாவது வருஷம். அப்பாவோட சிலையைத் துறையில திறக்கப்போறோம். ஓஸ்லோவுலேருந்து மந்திரி வராரு. அந்த நேரம் பாத்து முடி வெட்டின கதை எதுக்கு? யாருக்கு லாபம்?"

அவருடைய அப்பா பெர் லோன். போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாமல் ஆட்களைப் படகில் ஏற்றி, கடலுக்கு அக்கரையில் ஷெட்லாண்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியவர். உண்மையான வீரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"நீ அந்தப் படத்தைப் பாத்தியா ஆர்விட்?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதுல என்ன இருக்கும்னு தெரியாதா என்ன?" விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினார். "எய்விண்ட் நல்ல மனுஷன். ஆனா அவருக்கு வளைஞ்சு குடுக்கத் தெரியல. நீ அப்படி இல்ல. உனக்கு விவரம் இருக்கு."

1981-ல் இதே ஆர்விட், தாடி வைத்த இளைஞனாக, சதுக்கத்தில் பெட்டி மேல் ஏறி நின்று எய்விண்டுக்காகப் பேசியவர். வாயைக் கட்டினால் தேசமே ஊமையாகும் என்று கத்தினார். குரல் கம்மிக் கண்ணீர் விட்டார். நான் அவருக்குக் கைக்குட்டை கொடுத்தேன். போதகரைப் பற்றிய படத்துக்கு அவர் வாயில் சுதந்திரம் இருந்தது. அப்பாவின் சிலைக்குக் குறுக்கே வரும் படத்துக்கு அதே வாயில் பன் இருந்தது.

அவரைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எனக்கு உறைத்தது. நானும் பார்க்கவில்லையே. ஒரு படத்தைக் கண்ணால் காணாமல் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு தட்டு மீன் தின்றேன். இன்று ஆர்விட்டிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டேன், எய்விண்டை விட விவரமானவள் என்று.

"பன்னை எடுத்துக்கிட்டுப் போ," என்றேன்.

"ஏன், பிடிக்கலையா?"

"கொட்டகைக்குள்ள வெளித் தின்பண்டம் கொண்டு வரக்கூடாது. விதி."

அவர் போனதும் டூரிட்டுக்குத் தொலைபேசினேன். வெள்ளிக்கிழமை விரைவுப் படகில் ரீல்கள் வந்தன. காலை பத்து மணிக்கு, காலியான அரங்கில், நானும் படம் ஓட்டும் கோரெயும் மட்டும். கோரெ எய்விண்ட் காலத்து ஆள். அறுபத்திரண்டு வயது. அந்த டேனிஷ் படத்தை ஓட்டியதும் அவர்தான். ஓட்டச் சொன்னவருக்குத்தான் வேலை போயிற்று.

எழுபது நிமிடப் படம். பாதிக்கு மேல் மோன்ஸ் தன் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறார். பின்னால் சுவர்க் கடிகாரம். ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கத்திரியை யார் பிடித்தது என்று டூரிட் கேட்கிறாள். "பெர் லோன்," என்கிறார். மற்ற இரண்டு பெண்களைப் பிடித்திருந்தவர்கள் பெயரெல்லாம் சொல்கிறார். பிறகு அவள் கேட்கிறாள்: "சிக்னேயோட கையைப் பிடிச்சது யாரு?"

வெகுநேரம் கடிகாரம் மட்டும் ஓடுகிறது.

"நான்."

கேமரா நகரவில்லை.

"அவ திமிறினா காது அறுந்துடும்னு பெர் சொன்னான். அதுக்காகத்தான் பிடிச்சேன்னு அவகிட்ட சொன்னேன். அது பொய். அந்தக் கூட்டத்துல எனக்கும் ஒரு இடம் வேணும்னு பிடிச்சேன். அதுக்கப்புறம் அவ ஒரு கடுதாசி கூடப் போடல. நானும் போடல. அறுபத்திரண்டாம் வருஷம் செத்துட்டா."

"அடப்பாவி," என்று மேலேயிருந்து கோரெயின் குரல் கேட்டது. "போர்கில்ட், இதைப் போட்டா இந்த ஆளு தலை உருளுமே!"

"உருளட்டும்."

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வந்தது மகிழ்ச்சி. செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தி நான் எடுத்துக்கொண்ட பழி எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. பெரிய பழி இந்த நான்கு தகர டப்பாவுக்குள் இருந்தது. அந்த ஆளே கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்தக் கையைத் திரையில் பார்க்கட்டும். கூடவே ஆர்விட்டும் பார்க்கட்டும். ஏப்ரல் இருபத்தேழு, வியாழன், மாலை ஏழு மணி என்று அறிவிப்பை நானே எழுதி ஒட்டினேன்.

ஆர்விட் அவசரமாக வாரியத்தைக் கூட்டினார். ஐந்து பேர். காபி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி. அவர் நீளமாகப் பேசினார்: ஊர் ஒற்றுமை, இறந்தவர்களுக்கு மரியாதை, நேரம் சரியில்லை, பிறகு எப்போதாவது பார்க்கலாம்.

"எத்தனை பேர் படத்தைப் பாத்தீங்க?" என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வாஃபிளைப் பார்த்தார்கள்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். எய்விண்டை வேலையை விட்டு நீக்கிய கடிதம். நகராட்சி முத்திரை இருந்தது.

"புதுசா எழுதிச் சிரமப்படாதீங்க. இதுல பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக்கோங்க. 'வாரியத்தின் முடிவை மீறி ஒரு திரைப்படத்தை'ன்னு இருக்கில்ல, அது அப்படியே பொருந்தும். நீங்க தடுத்தாலும் நான் ஓட்டுவேன். கையெழுத்து யார் போடறீங்க? ஆர்விட், உன்கிட்ட நல்ல பேனா இருக்குமே."

"மிரட்டறியா?"

"ஆமா."

ஆர்விட் முகம் சிவந்தது. "எங்கப்பா நாப்பது பேரைக் காப்பாத்தினாரு, போர்கில்ட்! நாப்பது உசுரு! அதைப் பத்தி யாராவது படம் எடுத்தாங்களா?"

"எடுக்கட்டும். அதையும் ஓட்டறேன். ரெண்டு காட்சியா ஓட்டறேன்."

அதை நான் கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு, அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. எனக்குப் பிடிக்காதவர்களின் படத்தையும் ஓட்டுவேன். பிடிக்காதவர்களின் படத்தைத்தான் இப்போதும் ஓட்டப்போகிறேன்.

படம் ஓடலாம் என்று முதலில் கை தூக்கியவர் ஜெபவீட்டுக் கட்சியின் உறுப்பினர், மோன்ஸ் இருந்த அதே இடத்தில் இருப்பவர். "நான் சினிமா பாக்கறதில்ல," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல. "ஆனா மோன்ஸ் பேசணும்னு நினைக்கிறாரு. பேசட்டும்." பிறகு பள்ளி ஆசிரியை. மூன்றாவதாக, 1981-ல் சதுக்கத்தில் ஆர்விட் ஏறி நின்ற பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய சொந்தக் கட்சிக்காரர். ஆர்விட் பக்கமே திரும்பாமல் கையை உயர்த்தினார். மூன்றுக்கு இரண்டு.

ஆர்விட் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இதுக்குப் பேரு சுதந்திரம் இல்ல. பழி."

"ரெண்டுந்தான்," என்றேன்.

ஏப்ரல் இருபத்தேழு அன்று, திரைக்கு அருகே முன்வரிசைகளில் சில இடம் தவிர, அரங்கம் நிரம்பியது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கையெழுத்துக்காரர்களில் சரிபாதி பேர் வந்திருந்தார்கள். ஜெபவீட்டுக்காரர்கள் கூட, ஏதோ தண்ணீரில் இறங்குவதுபோல, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படி ஏறினார்கள். ஆர்விட் வரவில்லை. அவர் மனைவி தனியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். மோன்ஸ் வரமாட்டார் என்று நினைத்தேன். கோரெ விளக்கை அணைத்து, முதல் ரீல் ஓடத் தொடங்கிய பிறகு, கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. டிக்கெட்டை நீட்டினார். கிழித்துப் பாதியைக் கொடுத்தேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போர்கில்ட்," என்றார் தாழ்ந்த குரலில். "எய்விண்டுக்கு நான் பண்ணினது..."

"படம் ஆரம்பிச்சாச்சு. போங்க."

அதை அவர் முடிக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு. பதினான்கு வருடம் நான் சுமந்ததை, ஒரு மூச்சில் சொல்லி இறக்கி வைத்துவிட்டு அவர் போகக்கூடாது.

இருட்டில் தடவிக்கொண்டே போய், நான்காவது வரிசையில் ஓர் இடம் பிடித்தார். அந்த வரிசையில் இருந்த மூன்று பேர் எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். வரிசை முழுக்க அவர் ஒருவர்தான். நான் பின்சுவரில் சாய்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஏதோ வேறுபாடாகத் தெரிந்தது. அவர் தலை மற்ற எல்லாத் தலைகளையும் விட ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

எங்கள் நாற்காலிகள் ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் வகை. உட்காரும்போது பலகையைக் கீழே தள்ள வேண்டும். அதை எந்தக் குழந்தையும் முதல் தடவையே கற்றுக்கொண்டுவிடும். ஜெபவீட்டில் இருப்பது ஆணி அடித்த பெஞ்சு. மோன்ஸ் மடிந்து நின்ற பலகையின் விளிம்பில், வேலிக் கம்பி மேல் உட்கார்ந்த கோழி மாதிரி, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். சினிமாவில் இப்படித்தான் உட்காரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "தலையை எடுங்க பெரியவரே, படம் தெரியல," என்றது ஒரு குரல். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழவில்லை.

இருக்கட்டும் என்று நினைத்தேன். நன்றாக இருக்கட்டும்.

திரையில் அவருடைய சமையலறை வந்தது. பெர் லோனின் பெயர் வந்தது. பின்வரிசையில் ஆர்விட்டின் மனைவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கடிகாரம் ஓடியது. "நான்," என்றார் திரையில் இருந்தவர். அரங்கில் நூற்றெண்பது பேர். பிறகு தலைகள் ஒவ்வொன்றாக நான்காவது வரிசைப் பக்கம் திரும்பின. இந்தக் காட்சிக்காகத்தான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். வயிறு நிறையப் பார்த்தேன்.

பார்த்தபோது அவர் கால்கள் நடுங்குவது தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே, கோட்டு ஓரம் ஆடும் அளவுக்கு. முப்பத்தைந்து நிமிடமாக அந்த விளிம்பில், காலாலேயே உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருக்கலாம். ஆனால் கைகள் இரண்டையும் மடியில் கட்டி வைத்திருந்தார்.

பழி வேறு, முழங்கால் வேறு. அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. நடுப்பாதையில் இறங்கிப் போனேன். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான்காவது வரிசைக்குள் நுழைந்து அவர் தோளைத் தொட்டேன். அடிக்கப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று சுருங்கினார்.

"ஒரு நிமிஷம் எந்திரிங்க."

"போகச் சொல்றியா?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

எழுந்தார். நான் குனிந்து பலகையைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "இப்ப உக்காருங்க."

அவர் கையால் பின்னால் தடவிப் பார்த்து, மெதுவாக இறங்கினார். நினைத்ததை விடத் தாழ்வாக இருந்ததால் கடைசியில் தொப்பென்று விழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. கையால் இருக்கையை அழுத்திப் பார்த்தார். பிறகு, "மெத்தை போட்டிருக்கு," என்றார், ஆச்சரியமாக.

"ஆமா."

"அந்த டேனிஷ் படத்தைப் பாக்க வந்தவங்களும் இதுலதான் உக்காந்தாங்களா?"

"பத்தொம்போது பேரு உக்காந்தாங்க. எய்விண்ட் நின்னுக்கிட்டிருந்தாரு."

அவர் தலையை ஆட்டினார். நான் திரும்பிப் பின்சுவருக்குப் போயிருக்கவேண்டும். குறுக்கே போனால் மறுபடி எல்லோருக்கும் மறைக்கும் என்பதால், பக்கத்து நாற்காலியைத் தள்ளி அதில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து கைப்பிடியை எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன். திரையில் சிக்னேயின் புகைப்படம் வந்தது. ஸ்வீடனில் எடுத்தது, தலைமுடி தோள்வரை வளர்ந்திருந்தது. அவர் அதை முன்பு பார்த்ததில்லை போலிருக்கிறது. முன்னால் சாய்ந்தார்.